ஒரு டிரம் அளவு வழி

சட்டையின் காலரை அவள் மூன்றாம் தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையிலேயே அது நன்றாகத்தான் படிந்திருந்தது. ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தால் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் வாய் திறந்துவிடும் என்று பயம். சட்டையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதைப் போட்டுத்தான் அண்ணனைப் பத்து மணிக்குக் கொண்டுவருவார்கள்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் இடத்தில் அண்ணன் பலகை பிடிப்பவர். பலகையின் ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘மெதுவாக’. ஒன்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் அதைத் திருப்பித் திருப்பியே ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். வீட்டில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். அண்ணி கோபத்தை மறந்து சிரித்துவிடுவாள்.

நேற்றுக் காலை ஆறேகாலுக்கு ஒரு கார் அவரை அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது.

இப்போது அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வேலைத்தளத்து மேஸ்திரி, நாற்காலியின் நுனியில், மடியில் விபத்து அறிக்கைக் காகிதத்தோடு.

“அந்த டிரம்மை யாரு நகர்த்தினது?” என்றாள் அண்ணி. நேற்றிலிருந்து அவள் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

வேலை நடக்கும் பாதையை மறித்து வரிசையாக ஆரஞ்சு டிரம்கள் நிற்கும். அதில் ஒன்று விலகி இருந்திருக்கிறது. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத காரோட்டி, அந்த இடைவெளியைப் பார்த்ததும் உள்ளே விட்டிருக்கிறான். முப்பதில் போக வேண்டிய இடத்தில் தொண்ணூறு. “வழி திறந்து இருந்துச்சு, வந்தேன்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டானாம்.

மேஸ்திரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “காத்துல நகர்ந்திருக்கும்னு எழுதிடலாம்னு இருக்கேன். அப்படி எழுதினா யாருக்கும் கெட்ட பேரு இல்ல.”

சொல்லும்போது அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. இஸ்திரி போடுகிறவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“காத்துலயா? உள்ள மணல் போட்டிருக்கும், ரெண்டு கையால இழுத்தாத்தான் அசையும்னு அவரே சொல்லியிருக்காரே,” என்றாள் அண்ணி. “அப்போ அவர்தான் கவனிக்காம விட்டுட்டார்னு ஆகாதா? தெருவைக் கடக்கும்போது இன்னிக்கும் என் கையைப் பிடிச்சுக்கற மனுஷன். அவரா அசட்டையா இருந்தாரு?”

காற்று என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும். அண்ணி கொஞ்ச நாள் நம்பாமல் இருப்பாள், பிறகு நம்பிவிடுவாள். தான் இந்த வீட்டுக்கு எப்போதும்போல் வந்து போகலாம். அப்பா அம்மா போன பிறகு தனக்கு இருக்கும் ஒரே வீடு இதுதான். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் இனித்தது. அப்படி இனித்ததை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அண்ணன்தான் நகர்த்தினார், அண்ணி. எனக்காக.”

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் ஓட்டும் ரொட்டி வேன் ஏழு மணிக்குள் கடைகளுக்குப் போயாக வேண்டும். வேலைத்தளத்து வரிசையில் மாட்டினால் கால் மணி நேரம் போய்விடும். போன வருஷம் ஒருநாள் கடைக்காரர் வாங்காமல் திருப்பி அனுப்பியபோது அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் செய்தாள். மறுநாளிலிருந்து தினமும் ஆறு பத்துக்கு அவர் ஒரு டிரம்மை இழுத்து வைப்பார். அவள் வேனை நடக்கிற வேகத்தில் உள்ளே விடுவாள். ஜன்னல் வழியாக ஒரு பை பன் கொடுப்பாள். அவர் டிரம்மைத் திரும்பத் தள்ளிவிடுவார்.

“அந்த பன்னை நாங்க எல்லாரும்தான் தின்னோம்,” என்றார் மேஸ்திரி மெதுவாக.

அண்ணி அவரைப் பார்க்கவேயில்லை. “நேத்து நீ ஏன் வரல?”

“டயர் பஞ்சர். பேக்கரி வாசல்லயே நின்னுட்டேன்.”

“ஒரு போன் பண்ணி வரலேன்னு சொல்லியிருக்கலாமே.”

“கையில எடுத்தேன் அண்ணி. சாலையில நிக்கும்போது போன் பண்ணாதேன்னு திட்டியிருக்கார். அவர் கவனம் சிதறக் கூடாதுன்னு வெச்சுட்டேன்.”

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் டிரம்மைப் பிடித்துக்கொண்டு இவள் வரும் திசையையே பார்த்து நின்றிருப்பார் என்பதை மூன்று பேரும் தனித்தனியாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதையே எழுதுங்க,” என்றாள் அண்ணி மேஸ்திரியிடம். “அந்த கார்க்காரன் வந்த வேகத்தையும் எழுதுங்க. பன் தின்னதையும் எழுதுங்க.” பிறகு எழுந்து, சட்டையை மடித்து, அவள் கையில் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

இடுகாடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். வேறு வழி கிடையாது. பகல் பன்னிரண்டுக்கு அமரர் ஊர்தி முன்னே போக, அண்ணி அதில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தன் ரொட்டி வேனைப் பின்னாலேயே ஓட்டி வந்தாள். சட்டையை எடுத்துப் போனதிலிருந்து அண்ணி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலைத்தளத்தில் வண்டிகள் நீளமாக நின்றன. முட்டைக்கோஸ் ஏற்றிய லாரிக்குப் பின்னால் அமரர் ஊர்தியும் நின்றது. பலகை பிடித்திருந்த புது ஆளுக்கு அது யாருடைய வண்டி என்று தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தன்னால் முடிந்த மரியாதை அது ஒன்றுதான் என்பதுபோல், ஓரத்து டிரம் ஒன்றை இரண்டு கையாலும் இழுத்து வழி திறந்துவிட்டார்.

அமரர் ஊர்தியின் ஓட்டுநர் கியரைப் போட்டார்.

அவள் வேனை விட்டு இறங்கி ஓடினாள். “வேண்டாம்ண்ணே, வேண்டாம்! மூடிடுங்க! நாங்க நின்னே போறோம்!”

அந்த ஆள் புரியாமல் நின்றார். அவளே டிரம்மைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அண்ணன் சொன்னது சரிதான், அது லேசில் அசையவில்லை. குனிந்து மறுபடியும் தள்ளினாள்.

ஊர்தியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வந்து டிரம்மின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார்கள். வளையல் இல்லாத அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“நீ அந்தப் பக்கம் பிடி,” என்றாள் அண்ணி.