திரைக்கு வெளியே முப்பத்தொரு விழுக்காடு

இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மாலை ஏழு மணி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இருபது பேர் வாசித்த பதிவுகளை நான் அனுப்ப வேண்டும். என்னிடம் பத்தொன்பது இருந்தன. இருபதாவது இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பருவம், வீட்டில் அம்மாவுக்கு இன்னொரு விளக்கம்.

வாசிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்பது என் ஆய்வு. கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. ஓர் இடத்தில் கால் நொடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும், சந்தேகம் வந்தால் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும். வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஒரே பாய்ச்சல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரே சொல்லில் இரண்டு மூன்று முறை இறங்க வேண்டியிருக்கும். திரைக்குக் கீழே உள்ள சிறு கேமரா இதையெல்லாம் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும்.

குனோங் ராபாட்டில் அகதா அக்கா டியூஷன் சென்டர் நடத்துகிறார். மாடியில் எனக்கு ஓர் அறை தந்திருந்தார். எனக்கு ஆட்களைக் கூப்பிட வராது. முதல் வாரத்தில் வாசித்தது அக்காவும் அவர் கணவரும் மட்டும்தான். அப்போதுதான் சில்வெஸ்டர் வந்தார். ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். அண்ணன் மகளை டியூஷனிலிருந்து அழைத்துப்போக வந்தவர், என் அறையை எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு வேணும் மிஸ்?"

"பதினெட்டு. தமிழ்ப்பள்ளியில படிச்சிருக்கணும். கண்ணாடி போட்டிருக்கக் கூடாது."

"போலே லா. கூட்டியாந்துடலாம்."

மூன்று வாரத்தில் பதினேழு பேரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதிப் பேர் அவருடைய பழைய தோட்டத்துக்காரர்கள். ரப்பர் மரங்கள் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன. வாட்ஸ்அப் குழு மட்டும் இன்னும் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. அதில் அவர் ஒரு செய்தி போட்டால் போதும்.

ஒவ்வொருவரும் வாசித்து முடிக்கும்வரை அவர் எனக்கு முதுகு காட்டி நின்று, சுவரிலிருந்த தனிம அட்டவணையைப் படித்துக்கொண்டிருப்பார். நீங்கள் உட்காரவில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் கடைசி லா மிஸ். செலீனியம் வரைக்கும் வந்துட்டேன். முடிக்கணும்."

ஆய்வுக்கு ஏழு விதிகள். நான்காவது விதிப்படி, ஆய்வாளர் வாசிப்பவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். பத்தொன்பது பேரின் பிடரிகளும் எனக்கு அத்துப்படி.

அந்தப் புதன்கிழமை மட்டும் என் நாற்காலி மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

இருபதாவது ஆளாக உட்கார்ந்த சில்வெஸ்டர், தலை அசையாமலிருக்க மேசையில் பொருத்திய தாங்கியில் தாடையை வைத்தார். "முடி வெட்டுற கட மாதிரி இருக்கு."

"பேசக்கூடாது. தாடை அசையும்."

"அசையல."

"இப்ப அசைஞ்சிச்சு."

நான் எழுதிய பன்னிரண்டு வரிகள் திரையில் வந்தன. காணாமல் போன ஒரு சேவலின் கதை. வாசித்து முடித்ததும் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"சேவல் என்ன நிறம்?"

"பச்ச."

"யாரு தேடினாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "போலீஸ்?"

தேடியவர் பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார். சேவல் சிவப்பு. பச்சை என் சட்டை.

பதிவைத் திறந்தேன். வரிகளில் புள்ளிகள் ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தன. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் இடது ஓரத்துக்குப் போக வேண்டிய கண், நேரே மேலே ஏறித் திரையைத் தாண்டிவிட்டது. முப்பத்தொரு விழுக்காடு திரைக்கு வெளியே. இருபதைத் தாண்டினால் செல்லாது.

காப்பி கொண்டுவந்த அகதா அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னடி இது, விளக்குமாற நட்டு வெச்ச மாதிரி? மேல என்னதான் இருக்கு?"

"ஒன்னும் இல்லக்கா. சுவருதான்."

"சுவரும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் சில்வெஸ்டர்.

என் மேற்பார்வையாளர் டாக்டர் பெரியநாயகத்தை அழைத்தேன். படிவத்தில் தட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். அது தவறு என்று பிறகுதான் தோன்றியது.

"பச்சைச் சேவலா?"

"ஆமா டாக்டர்."

"மத்த பத்தொன்பது பேரு?"

"சிவப்புன்னாங்க. ஒருத்தர் மட்டும், கொழம்பு வெச்சிருப்பாங்கன்னார்."

"அப்ப இந்த ஆளுதான் சரியில்ல. கவனக்குறைவுன்னு எழுதி நீக்கிடுங்க. வேற ஆளத் தேடுங்க."

"இன்னொரு பத்தி இருக்கு டாக்டர். இவரையே திரும்ப வாசிக்க வெக்கலாமா?"

"ஏற்பாட்டுல தப்பு இருந்தா வெக்கலாம். வாசிச்சவர் மேல தப்புன்னா முடியாது. வெளிச்சம் கண்ணுல பட்டுச்சா? சத்தம் ஏதாச்சும்?"

சில்வெஸ்டர் எழுந்தார்.

"எழுதுங்க மிஸ், கவனக்குறைவுதான். என் ஸ்கூல் ரிப்போர்ட்லயே இருக்கு." சிரித்தபடிதான் சொன்னார். ஹெல்மெட்டை எடுத்தவர் அதன் வாரை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். தலை மட்டும் அதற்குள் இல்லை.

படிவத்தில் 'கவ' என்று தட்டினேன். பதினேழு பேரைக் கூட்டிவந்தவர். இரண்டு எழுத்தையும் அழித்தேன்.

"தப்பு ஏற்பாட்டுலதான் டாக்டர்."

"என்ன தப்பு?"

"நாலாவது விதி."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "பின்னால உக்காரலையா? எங்க உக்காந்தீங்க?"

"எதிர்ல."

"எடம் பத்தலையா?"

"பத்தும்."

"வயர் எட்டலையா?"

"எட்டும் டாக்டர்."

அகதா அக்கா காப்பியைக் கலக்குவதை நிறுத்தினார்.

"அப்ப யாரு நாற்காலிய அங்க போட்டது?"

"நான்தான். இவர் வர்றதுக்கு முன்னாடியே."

"ஏம்மா?"

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. சில்வெஸ்டர் தனிம அட்டவணைப் பக்கம் திரும்பவில்லை. நான் கைத்தொலைபேசியையே பார்த்தேன்.

"பத்தொன்பது பேரோட பிடரியப் பாத்துட்டேன் டாக்டர்," என்றேன். "இவரோட மொகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு."