ஒன்றாம் நம்பர் மீட்டர்

வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்லுவாள். அதனால் அவள் சொன்னது என்னவென்று நாகஜோதிக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள ஓவர்லாக் தையல் மிஷின் ஏதாச்சும் போட்டு ஓட்டறீங்களா? இருந்தா சொல்லீருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மிஷினா? அத எங்கக்கா வைக்க? நாங்க மூணு பேரும் படுத்தா கால் நீட்ட எடமில்ல."

"அப்பறம் கரண்டு எங்க போவுது? அஞ்சாம் நம்பர்ல நாலு ஆம்பளப் பசங்க இருக்கறாங்க. அவியளுக்கு வந்ததப் போல மூணு மடங்கு உங்களுக்கு வந்திருக்குது. பசங்க சொக்கத் தங்கம். போறப்ப எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுத்தான் போறாங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கென்றே கட்டிவிட்ட லைன் வீடு அது. ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், எதிரே வீட்டுக்காரர்களின் மாடி வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு சின்ன மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுப்பாத்தாளே பார்த்து அவரவர் கணக்கைச் சொல்லிவிடுவாள். நாகஜோதியும் அவள் புருசன் பாண்டித்துரையும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் ஒரு கம்பெனியில் செக்கிங், அவன் கட்டிங். மகள் வேல்விழிக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததே இந்த வீட்டில் இருப்பதால்தான்.

இந்தத் தை மாதம் வரை அவர்கள் வீடுதான் வரிசையில் கடைசி. சுப்பாத்தாளின் புருசன் வேலுமணிக்குத் தொழில் மந்தமாகி, வாஸ்து பார்க்கிறவர் வந்து, கிழக்கு கேட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார். அதைச் செங்கல் வைத்து அடைத்து, மறுகோடியில் புதுக் கேட்டு வைத்தார்கள். கதவுகளுக்கெல்லாம் புதுசாக நீல பெயிண்டில் நம்பர் எழுதினார்கள். கடைசி வீடு முதல் வீடு ஆனது. தண்ணிக் குடம் தூக்குகிற தூரம் குறைந்ததில் நாகஜோதிக்குச் சந்தோசம். அந்தச் சமயம்தான் ராக்கையாவும் அவன் கூட்டாளிகளும் அடைத்த கேட்டுப் பக்கம் இருந்த அஞ்சாம் நம்பர் வீட்டுக்குக் குடி வந்தார்கள். நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்க்கிற பையன்கள். பகலெல்லாம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவார்கள்.

முதலில் நாகஜோதிக்குச் சந்தேகம் போனது ஃபிரிட்ஜ் மேல்தான். அதைப் பழசில் வாங்கியிருந்தார்கள். ஒரு பனியன் துணிப் பட்டியை ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, வெளியே இருந்து இழுத்துப் பார்த்தாள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் தளர்ந்திருந்தது. கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற வேஸ்ட் துணியில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, ரப்பருக்குப் பின்னால் திணித்தாள். மறுபடி இழுத்தபோது பட்டி வரவில்லை. அதற்கப்புறம் குண்டு பல்பு போய் சுருள் பல்பு வந்தது. வாரத்துக்கு ஒரே நாள்தான் இஸ்திரி.

"இனி மூச்சு விடுறதுக்கும் ஒரு மீட்டர மாட்டிரு" என்றான் பாண்டித்துரை, இருட்டில் சட்டையைத் தேடிக்கொண்டே.

"விடுற மூச்சையெல்லாம் டிவி முன்னாடிதான விடுறீங்க. அத அணைங்க மொதல்ல."

அடுத்த கணக்கு வந்தது. நாகஜோதிக்கு முன்னைவிடக் கூடியிருந்தது. அஞ்சாம் நம்பர் பையன்களுக்கு முன்னைவிடவும் குறைந்திருந்தது.

சுப்பாத்தாள் இந்தத் தடவை மிஷினைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்த மாசத்தோட வேற ஊடு பாத்துக்கங்க, கண்ணு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றாள்.

வீடு போனால் பள்ளிக்கூடம் போகும். அது மட்டுமில்லை. எதற்குக் காலி செய்தீர்கள் என்று அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், திருட்டுத்தனமாக மிஷின் ஓட்டினவர்கள் என்று பேர் வரும். இதெல்லாம் கவலைதான். ஆனாலும் அதற்கு மேலே ஒன்று அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. எப்படிக் குறையாமல் போகும்? நாம் சிக்கனம் பிடிக்கப் பிடிக்க அவர்களுக்கல்லவா குறைகிறது?

ஞாயிற்றுக்கிழமை, ஷிப்மென்ட் அவசரம் என்று பாண்டித்துரை கம்பெனிக்குப் போயிருந்தான். நாகஜோதி வீட்டு மெயினை அணைத்தாள். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. காய்கிற துணிகளை விலக்கிக்கொண்டு, அடைத்துப்போட்ட பழைய கேட்டுப் பக்கம் நடந்தாள். மீட்டர் பலகை அங்கேதான் இருந்தது. கேட்டு போனபிறகு சுப்பாத்தாளைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஐந்து கண்ணாடிக்குள்ளும் வெள்ளித் தட்டு மாதிரி ஒவ்வொரு சக்கரம். விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. மங்கிப்போன சிவப்பில் ஒன்று என்று எழுதியிருந்த மீட்டரைப் பார்த்தாள். மெயினை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள், சக்கரமோ பம்பரம் மாதிரி சுற்றியது.

யாரோ நம் வயரில் கொக்கி போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சுவரோரமாக வயரைப் பார்த்துக்கொண்டே நாலு எட்டு வைத்தவள் நின்றாள். செக்கிங் டேபிளில் ஒரு பீஸில் ஊசி ஓட்டை இருந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. அதற்கு மேல் பீஸையும் கீழ் பீஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கை பழகிய பழக்கம். திரும்பி வந்து மற்ற மீட்டர்களையும் பார்த்தாள். இரண்டும் மூன்றும் நாலும் மெதுவாக ஊர்ந்தன. ஐந்து அசையவே இல்லை.

பையன்கள் வீட்டில் ஃபேன்கூட இல்லாமலா இந்த வெயிலில் தூங்குகிறார்கள்?

அடைத்த கேட்டின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். இங்கே நின்று எண்ணினால் முதல் வீடு பையன்களுடையது. அவள் வீடு அஞ்சாவது.

கதவு நம்பரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மீட்டர் நம்பரை யாரும் தொடவில்லை.

ஓடிப்போய் மெயினைப் போட்டுவிட்டு, சுப்பாத்தாளைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தாள்.

"அடுப்புல பருப்பு கெடக்குது கண்ணு, என்ன சங்கதி?"

"அக்கா, இந்த அஞ்சாம் நம்பரையே பாத்துக்கிட்டு நில்லுங்க. நான் போயி மிக்சியப் போடுறேன்."

"அது பசங்க மீட்டரல்லோ?"

"பாருங்கக்கா."

மிக்சியில் போட ஒன்றும் இல்லை. கைப்பிடி கடலையைப் போட்டு ஓட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். திரும்பி வந்தபோது சுப்பாத்தாள் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்திருந்தாள்.

"உங்கூட்டு மிக்சி சத்தம் வாரப்பல்லாம் துள்ளுதுங் கண்ணு இது." நிமிர்ந்தவள் அடைத்த கேட்டைப் பார்த்தாள். அங்கிருந்து வீடுகளை விரல் விட்டு எண்ணினாள். "வாஸ்துக்காரன் வாசல மட்டும் மாத்தச் சொன்னான். இதச் சொல்லாமப் போயிட்டானே. நடுவால ஊடு நடுவாலயேதான் இருக்குது. ரெண்டும் நாலும் செலவுல ஒண்ணுபோல. அதுனால நமக்கும் தெரியாமப் போச்சு."

பிறகு ஒன்றாம் நம்பரைப் பார்த்தாள். அது இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. "அப்ப இது எவனுக்கு இந்தச் சுத்து சுத்துது?"

பையன்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு ராக்கையா பாதிக் கதவைத் திறந்தான். மீதிக் கதவைச் சுப்பாத்தாள் திறந்தாள். தரையில் ஒரு கரண்ட் அடுப்பு. செங்கல் பள்ளத்துக்குள் கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்க எரிந்தது. மேலே கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கேஸுக்குப் போனா ரேஷன் கார்டு கேக்குறாங்கம்மா. சீமெண்ணெய்க்குப் போனாலும் கார்டத்தான் கேக்குறாங்க" என்றான் ராக்கையா, தரையைப் பார்த்துக்கொண்டு. "பில்லு கம்மியாத்தான வருதுன்னு…"

"சொக்கத் தங்கம்னு வீதியெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே சாமி. நீங்களும் இந்த மாசத்தோட… மனசுல ஒண்ணும் வெச்சுக்காம…"

"அக்கா" என்றாள் நாகஜோதி. அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். "மீட்டர் நம்பர மாத்தி எழுதுங்க. அடுத்த பில்லு அவங்க கணக்குல வரட்டும். அடுப்பு தன்னால எறங்கிரும்."

சுப்பாத்தாள் குழம்பைப் பார்த்தாள். பிறகு நாகஜோதியைப் பார்த்தாள். "ஊடு பாக்கச் சொன்னத மறந்துருங்க, கண்ணு. கூடக் குடுத்தத வாடகையில கழிச்சுக்கலாமுங்க. மிஷின்னு கேட்டுப்போட்டேன்…"

"நானும் மொதல்ல ஃபிரிட்ஜத்தானக்கா சந்தேகப்பட்டேன்."

சாயங்காலம் வேலுமணி நீல பெயிண்டும் பிரஷ்ஷுமாக மீட்டர் பலகை முன் நின்றார். நாகஜோதி பக்கத்தில் நின்று தன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடாமல் நின்றிருந்த நேரம். அந்தக் கறுப்புக் கோடு ஒரு சுற்று வருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பின்னால் ராக்கையா வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எக்கா, அந்த மீட்டர எப்பிடிக்கா அம்புட்டுக் கம்மியா ஓட்டுனீங்க? ஃபிரிட்ஜெல்லாம் வேற வச்சிருக்கீங்க."

"இம்புட்டு நாளா பேரு வாங்குனது நீ. இப்ப வந்து என்கிட்டக் கேக்குற" என்றாள் நாகஜோதி. "மொதல்ல அந்தக் கம்பிச் சுருளக் கழத்திட்டு வா. மத்தத ஒண்ணொண்ணாச் சொல்றேன்."