ஆட்டுக்குத் தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் ட்சோலோவில் ஜோலா அய்யாவைத் தெரியாத ஆண் கிடையாது. முப்பது குளிர்காலமாக, விருத்தசேதனம் முடிந்த பையன்களை மலைக்குடிசையில் வைத்துக் காயம் ஆறும்வரை பார்த்துக்கொள்கிறவர். இந்த வருடம் சுகாதாரத் துறை அவருக்கே தேர்வு வைத்துவிட்டது. அனுமதிச் சீட்டில் முத்திரை விழாவிட்டால் மலையேற முடியாது. அதாவது போகட்டும், கேள்வி கேட்க வந்திருப்பது ஒரு பெண். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? மலையில் நடப்பதைப் பெண்ணிடம் சொன்னவனை அந்த ஊரில் ஆண் என்றே மதிக்கமாட்டார்கள்.

நர்ஸ் வுயோகாசியின் எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சுவரைப் பார்த்தார்.

"மலையப் பத்திப் பேசமாட்டேன் தாயி. முத்திரைய நீயே வச்சுக்க."

"மலையப் பத்தி யாரு கேட்டா? உங்ககிட்ட ஆடு இருக்குல்ல, ஜோலா அய்யா?"

"நாப்பது இருக்கு."

"அதுல ஒரு கிடாவுக்குக் காயம். எப்படிப் பார்ப்பீங்க?"

ஜோலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரிதான். கிடாவைப் பற்றிப் பேச என்ன தடை? எந்த இலை, கட்டு எவ்வளவு இறுக்கம், எந்த வாடை வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று அடுக்கினார். அவளும் எழுதிக்கொண்டே வந்தாள்.

"கிடாவுக்குத் தாகம் எடுத்தா?"

முதல் வாரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது என்பதுதான் மலை வழக்கம். ஜோலாவோ பன்னிரண்டு வருடமாகத் திருட்டுத்தனமாகக் கொடுத்துவருகிறார், ஒரு பையன் பனி படிந்த புல்லை நக்குவதைப் பார்த்த நாளிலிருந்து. குடித்த பையன்களிடம் சத்தியம் வாங்கித்தான் கீழே அனுப்புவார். தெரிந்தால் ஆண்கள் முகத்தில் காறித் துப்புவார்கள்.

"ஏழு நாள் கிடையாது," என்றார்.

அவள் பேனாவை மூடிவைத்தாள். "எங்க வீட்டுக் கிடா ஆறாம் நாள் செத்துப்போச்சு. பேரு மொன்வாபிசி. என்கூடப் பொறந்த தம்பி."

ஜோலா சுவரை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு குவளைத் தண்ணீரில் பிழைத்திருப்பான் பாவி.

"என் கிடாவுக்கு நான் குடுப்பேன் தாயி. கேக்கிறப்பல்லாம் குடுப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் முத்திரையைக் குத்திக் கொடுத்தாள்.

வெளியே, பக்கத்து மலைக்குடிசையைப் பார்த்துக்கொள்ளும் ஃபிகிலே தன் முறைக்குக் காத்திருந்தார். இருபது வருடக் கூட்டாளி.

"என்னடா கேட்டா?"

"ஆட்டைப் பத்திதான். தாகம்னா தண்ணி குடுப்பேன்னு சொல்லு."

"அவ்வளவுதானே. சொல்லிட்டாப் போச்சு."

அதோடு நழுவியிருக்கலாம். ஜோலா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொன்னா மட்டும் பத்தாதுடா. குடு. பன்னெண்டு வருஷமா நான் குடுக்கிறேன்."

துப்பட்டும் என்று நின்றார். ஃபிகிலே சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காதோரம் குனிந்தார்.

"நான் ஆறு வருஷமா," என்றார்.