படத்துல விழுந்த ஆள்

எங்க வாப்பா கப்பல்ல வேலை பார்த்தவங்க. எகிப்துலேர்ந்து அவங்க வாங்கிட்டு வந்து குடுத்த படம், என் கல்யாணத்துலேர்ந்தே காரைக்கால்ல எங்க தொழுகை அறைச் சுவத்துல மாட்டியிருந்துச்சு. கெய்ரோவுல சுல்தான்மார் காலத்துப் பள்ளிவாசலை, கேமரா வந்த புதுசுல யாரோ எடுத்த போட்டோ. பெரிய முற்றம், சுத்தி வளைவு வளைவாத் தூண்கள், ஒரு குருவி கூட இல்லை. உருவம் இல்லாததாலதான் தொழுற எடத்துல அதை மாட்ட விட்டாங்க.

எழுபத்தெட்டுல எங்க வீட்டுக்காரர் பீர் மைதீன் குவைத்திலேர்ந்து புதுக் கண்ணாடியோட வந்து எறங்கினாரு. கண்ணாடி போட்ட மனுஷன் சும்மா இருப்பாரா? மறுநாளே படத்துல மூக்கை ஒட்டிக்கிட்டு, "சஃபியா, தூண் நிழல்ல ஒரு ஆள் நிக்கிறான்"னாரு. பார்த்தேன். எறும்பளவுதான், ஆனா ஆள்தான். உருவம் இருக்கிற எடத்துல தொழக்கூடாது, ஸ்டுடியோவுல குடுத்து அந்த ஆளை மட்டும் மையால அழிச்சிடலாம்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! வாப்பா மௌத்தான பிறகு அவங்க ஞாபகமா எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதுல மை பூசுவாங்களாம். நானும் வர்றேன்னு துப்பட்டியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஸ்டுடியோ கைலாசநாதன் பூதக்கண்ணாடி வச்சு நிதானமாப் பார்த்தாரு. அந்தக் காலத்துக் கேமராவுல ஒரு படம் பிடிக்கவே வெகு நேரம் ஆகுமாம். நடமாடுறது எதுவும் பதியாதாம். முற்றத்துல எத்தனையோ பேர் போயிட்டு வந்திருப்பாங்க, அசையாம நின்ன இவர் ஒருத்தர்தான் படத்துல விழுந்திருக்காருன்னு சொல்லி, கையைப் பாருங்கன்னு எங்ககிட்ட பூதக்கண்ணாடியை நீட்டினாரு. நெஞ்சுக்குக் கீழே கை கட்டியிருந்துச்சு. தொழுதுகிட்டு நின்னிருக்காரு அந்த மனுஷன்.

கைலாசநாதன் பிரஷ்ஷை மையில தொட்டுக்கிட்டு, "அழிச்சிடவா பாய்?"ன்னு கேட்டாரு.

தக்பீர் கட்டித் தொழ நின்னா தாடியைச் சொறியிறது, கைலியைச் சரி பண்றது, ஓரக்கண்ணால கடிகாரத்தைப் பார்க்கிறதுன்னு எங்க வீட்டுக்காரர் தொழுற லட்சணம் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். என் வாய் சும்மா இருக்குமா?

"அழிக்கச் சொல்லுங்க மச்சான். ஆனா அங்க உங்களை நிறுத்தி எடுத்திருந்தா, நீங்க படத்துல விழுந்தே இருக்க மாட்டீங்க."

எரிஞ்சு விழுவாருன்னு நினைச்சேன். சிரிச்சிட்டாரு.

"வேணாங்க. அவர் இருந்துட்டுப் போகட்டும்"னு கைலாசநாதன்கிட்ட சொல்லி, படத்தைத் தன் கையாலேயே காகிதத்துல சுத்திக்கிட்டாரு.

தொழுகை அறையில மட்டும் மாட்டக்கூடாதுன்னுட்டாரு, அதுல விட்டுக்குடுக்கலை. சாப்பிடுற எடத்துல ஆணி அடிச்சாரு. எனக்கு அதுவும் நல்லதாப் போச்சு, நாள் முழுக்கக் கண்ணுல படுது. அன்னைக்கு அந்தி சாஞ்சு மஃரிபு தொழுகைக்கு இவரு நின்னப்போ கதவோரமா எட்டிப் பார்த்தேன். கழுத்துல ஒரு கொசு உட்கார்ந்து, வயிறு ரொம்பக் குடிச்சிட்டுப் பறந்துச்சு. இவரு கட்டின கை கட்டினபடியே இருந்துச்சு.