காப்புக் கட்டிய வண்டி

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் கண்ணுசாமிக்குத் தலைகால் புரியாது. தன் கையில் காப்புக் கட்டிக்கொண்டதோடு நில்லாமல், ஆடு ஏற்றும் லோடு வண்டியின் ஸ்டீயரிங்கிலும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டி, வண்டியைக் கோயிலடியில் நிறுத்தி, சாவியைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். காப்புக் கட்டியவன் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மனிதனுக்குச் சரி, வண்டிக்குமா என்று கேட்டாள் அவர் மனைவி மாரிசெல்வி. வண்டி அவள் பெயரில் இருந்தது. அது ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்சி சான்றிதழ், கொடைக்கு நடுவில் முடிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் தம்பி கோவில்பட்டிக்கு ஓட்டிட்டுப் போயி எஃப்சி எடுத்துட்டு வரட்டுமேங்க."

"ஏட்டி, காப்புக் கட்டுன வண்டி எல்லை தாண்டுனா அம்மன் சும்மா விடுவாளா?"

வண்டி தாண்டவில்லை. அம்மனும் சும்மா விடவில்லை. கொடையன்று சாயங்காலம் அடித்த காற்றில், சவுக்குக் கம்புச் சாரத்தில் சீரியல் விளக்கால் போட்டிருந்த அம்மன் உருவம், கோயிலடியில் நின்ற வண்டியின் மேலேயே சரிந்து விழுந்தது. கண்ணாடி தூள் தூள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப்போயிற்று. எஃப்சி முந்தின நாளே முடிந்திருந்தது.

கரிசலில் போட்ட உளுந்து மழையைப் பார்த்துக் கிடக்க, வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்தான். இன்சூரன்ஸ் மட்டும் நடப்பில் இருந்தது. அதுவும் கிடைக்காவிட்டால் வண்டியை இரும்புக்குத்தான் போட வேண்டும்.

வண்டிக் காகித வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் சோலைமுத்து வந்து பார்த்தான்.

"எஃப்சி இல்லன்னா கிளைம தள்ளிருவாங்க மயினி. சாரம் விழுந்த நாள் ஊருக்கே தெரியும். அதனால சாரத்தையே விட்ருவோம். எஃப்சி முடியுததுக்கு முந்தின நாளே, அண்ணாச்சி கயத்தாறு ரோட்டுல புளியமரத்துல இடிச்சிட்டாருன்னு எழுதுவோம். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

மாரிசெல்வி ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போனாள். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டாள். கண்ணுசாமி அதைப் பிடுங்கினார்.

"அன்னைக்கு என் கையில காப்பு இருந்துச்சுல்லா? காப்போட கயத்தாறு போனேம்னு எழுதச் சொல்லுதியா? நாளைக்கு நான் கோயில்ல எப்படிப் போயி நிப்பேன்?"

ஆட்டுக்கு வயது கேட்டால் கூசாமல் குறைத்துச் சொல்லுகிற மனுஷன்தான். இந்த ஒரு பொய்க்கு மட்டும் மலைபோல நின்றுவிட்டார். சோலைமுத்து தலையில் அடித்துக்கொண்டு பைக்கை எடுத்தான். மாரிசெல்வி அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கிருஷ்ணகுமார் வந்தார். எடுத்த எடுப்பிலேயே எஃப்சியைத்தான் கேட்டார்.

"இல்ல சார். முடிஞ்சிட்டு." என்றாள் மாரிசெல்வி.

"எஃப்சி இல்லாம ஏம்மா ஓட்டினீங்க?"

"ஓட்டவே இல்லியே சார்! சாவி பூசாரிகிட்டல்லா இருந்துச்சு. வண்டிக்கே காப்புக் கட்டிட்டாவ இவிய."

அவருக்குப் புரியவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் மஞ்சள் கயிறு ஸ்டீயரிங்கில் அப்படியே கிடந்தது. பூசாரியை விசாரித்தார், சாரம் கட்டியவனை விசாரித்தார். கோயிலடியில் கூடியிருந்த பெண்கள் கேட்காமலே சாட்சி சொன்னார்கள். மனிதர் கடைசியில் சிரித்துவிட்டார்.

"நின்ன வண்டி மேல சாரம் விழுந்திருக்கு. எஃப்சி இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். அப்படியே எழுதறேன். முடிவு கம்பெனி கையில இருக்கு."

அதற்கப்புறம் மாரிசெல்வி செல்போனைக் கீழே வைக்கவேயில்லை. ஆட்டுக்குக் குழை போடும்போதுதான் செய்தி வந்தது. எஃப்சி இல்லாததற்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்களாம். அது பட்டறைச் செலவுக்குத் தாராளமாகக் காணும். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"உண்மைய எழுதுனா பணம் வரும்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா?" என்றார் கண்ணுசாமி. அவர் அன்றைக்கு இதைச் சொல்லவே இல்லை. டீக்கடையிலும் அதையே சொன்னார், கோயிலிலும் சொன்னார். வேறொரு நாளாயிருந்தால் மாரிசெல்வி விட்டிருப்பாளா? இந்த முறை போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பட்டறையிலிருந்து வண்டி புதுப்பெண்ணாட்டம் வெளியே வந்தது. சந்தைக்குப் போகிற அவசரத்தில் கண்ணுசாமி சாவிக்குக் கை நீட்டினார். அவள் சாவியைத் தராமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆடு எங்கயும் ஓடிராது. முதல்ல எஃப்சிக்கு விடுங்க. நானும் வாரேன்."

கண்ணுசாமி வண்டியைச் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவி அவர் கைக்கு வந்தது.