நாலு சக்கரத்துக்கு நாலு லிமாவ் கஸ்தூரி

பினாங்குத் தீவின் போக்குவரத்து வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய மாபெரும் நாள் இது, பெரியோர்களே, என்று எங்கள் சங்கத் தலைவர், அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ மோகனராஜ் மைக்கில் ஆரம்பித்துவிட்டார், ஆரம்பித்தவர் முடிப்பார் என்பதற்கு யார் உத்தரவாதம், இங்கே என் இஞ்சினுக்கு அடியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது, மனுஷனுக்குத் தெரியுமா, தெரியும், சொன்னேனே... டத்தோ, பத்தவச்சா கேஸ் கொஞ்ச நேரந்தான் தாங்கும், நீங்க பேசி முடிங்க, அப்புறம் பத்தவைக்கிறேன் என்று. நோ நோ லோகா, பின்னால உஸ்ஸ்னு ஒரு சத்தம் இருந்தாத்தான் பேச்சுக்கு கம்பீரம்லா என்றார். ஆக முழங்கை நீளத்தில் ஒரு நிஜ நீராவி இஞ்சின், இரண்டு வருஷம் சாப்பாட்டு மேசையில் திருகாணி திருகாணியாக நான் பூட்டியது, இன்றைக்கு டத்தோவுக்குப் பின்னணி இசை. அவர் தலையில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி, கழுத்தில் விசில், அவருடைய ஸ்டேஷன் எது என்றால் கெலுகோரில் அவர் வீட்டுப் புல்வெளி, பப்பாளி மரத்தைச் சுற்றி ஒரு வளையம் தண்டவாளம். எங்கள் தோட்ட ரயில் சங்கத்தில் தலைவர் உண்டு, துணைத்தலைவர் உண்டு, செயலாளர், பொருளாளர், இயக்கத்துறைத் தலைமை அதிகாரி எல்லாரும் உண்டு, சாதாரண உறுப்பினர் நான் ஒருவன்தான், எல்லாரும் சேர்ந்து நிர்வாகம் பண்ண யாராவது வேண்டாமா.

அதோ பிரமிளா, என் மனைவி, கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல்... இறக்கமாட்டாள், இறக்கினால் உட்கார வந்ததாக அர்த்தமாகிவிடும். ஆவி பிடிக்கணும்னா ஜலதோஷம் வரட்டுங்க, வேது வச்சுத் தரேன், அதுக்கு எதுக்கு இஞ்சின் என்று கேட்டவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருக்கிறாள், அதுவும் ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில். ஒரே ஒரு சுற்று, அவள் கண் முன்னால், பப்பாளி மரத்தை ஒரே ஒரு தரம் சுற்றி வந்தால் போதும், நான் கேட்பது அவ்வளவுதான். சுற்றிவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. புருவத்தைத் தூக்கி, ம், பரவாயில்லையே என்பாள். அந்தப் புருவத்துக்காகவா இத்தனை... ஆமாம், அதற்காகத்தான், வேறெதற்கு. வால்வு தூக்கிவிட்டது, உஸ்ஸ்ஸ், அழுத்தம் நிறைந்துவிட்டது, இப்போதே விட வேண்டும், டத்தோ என் பக்கம் கையை நீட்டுகிறார், அப்பாடா, இல்லை, பாருங்கள் பெரியோர்களே, நம் சமுதாயமும் இப்படித்தான் உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருக்கிறது! கைதட்டல். பொங்கிக்கொண்டிருப்பது நான், டத்தோ. முன் வரிசையில் ஒரு அம்மா, புகையே காணோமே தம்பி, வேலை செய்யுதா இல்லையா என்கிறார், அக்கா, இந்த வெயிலில் நீராவி கண்ணுக்குத் தெரியாது, குளிர் நாட்டில்தான் வெள்ளையாகப் போகும், இதை எத்தனை பேருக்குச் சொல்வது.

பேச்சு முடிந்தது, விடலாமா, எப்படி விடுவது, பூஜை? புது கெரெத்தா வாங்கினால் எலுமிச்சை நசுக்காமல் நகர்த்துவோமா, இதுவும் வண்டிதானே லோகா என்கிறார் டத்தோ. எலுமிச்சை என் சக்கரத்தைவிட உயரம். அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார் செயலாளர் ஷேக் அலாவுதீன், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர், ஐஸ் தண்ணீரில் பிழிகிற நெல்லிக்காய் அளவு குட்டி எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரியைக் கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டார், சின்ன வண்டிக்குச் சின்ன லிமாவ்லா அண்ணே, ஸ்கேல் கரெக்டா இருக்கும் பாருங்க. இருந்தது. நாலு சக்கரத்துக்கு நாலு. சந்தனம், குங்குமம், நான் நீராவியைத் திறந்தேன், சிலிண்டரில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீர் சீறிக்கொண்டு டத்தோவின் வெள்ளைக் கால்சட்டையில், அது ஒன்றுதான் இன்றைக்கு ஒழுங்காக நடந்தது, அப்புறம் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, கார் நசுக்கும் ஐயா, ரெண்டு தேங்காய் எடையுள்ள வண்டி எதை நசுக்கும், தோல் வழுக்குகிறது, சாறு வழிகிறது, சக்கரம் நின்ற இடத்திலேயே கிறுகிறு... எடுத்துடட்டுமா டத்தோ? நசுங்காம எடுக்கக் கூடாதுலா, அபசகுனம். கடைசியில் அவரே குனிந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நசுக்கினார், மூன்றாவது நசுங்கும்போது உள்ளே பொப் என்று ஒரு சத்தம், நெருப்பு அணைந்தது. கேஸ் தீர்ந்தது. மறுபடி நிரப்பலாம், இஞ்சின் ஆறின பிறகு, சூட்டில் நிரப்பினால் டத்தோவோடு பப்பாளி மரமும் போய்விடும், ஆறுவதற்குள்... பிரமிளா எழுந்துவிட்டாள், கையில் போன், கிராப் டாக்சி கூப்பிடுகிறாள்.

ஷேக், கூட்டம் கலையுது, உங்க பேட்டரி வண்டிய விடுங்க, லேகாஸ், சீக்கிரம் என்று டத்தோ விசில் ஊத, நான் என்னுடையதைத் துணியோடு அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனேன், குங்குமத்தையும் புளிப்பையும் துடைக்க, முதுகுக்குப் பின்னால் ஷேக்கின் நீல வண்டி ஒரு பட்டனில் கிளம்பி, சத்தமில்லாமல், வெட்கமில்லாமல், ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, பலத்த கைதட்டல், வரலாறு ஒருவழியாகப் பொறிக்கப்பட்டுவிட்டது. பக்கத்தில் கைப்பை உரசியது. நல்லாத்தாங்க ஓடிச்சு என்றாள் பிரமிளா, புருவம் தூக்கியிருந்தது, அந்த நீலக் கலர் யாரு தேர்ந்தெடுத்தது, நீங்களா? கேலியா, என் மனசு நோகக் கூடாதென்றா, இல்லை நிஜமாகவே... முகத்தைப் பார்த்தேன், முகத்தில் ஃபெர்ரிக்கு நேரமாகிற அவசரம் தவிர வேறெதுவும் தெரியவில்லை, கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவாளே, நானேதான் என்றேன்.

என் இஞ்சின் பச்சை நிறம்.