குலுங்காத வண்டி

கொதிக்கிற சலவை சோடாத் தண்ணீர் அண்டாவை ஜோசப்பினும் முருகையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, காருக்கடியிலிருந்து பவுல்ராஜின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“ஊத்தும்மா. நேரா ஸ்பிரிங் பட்டை மேலயே ஊத்து.”

“ஊத்தறது இருக்கட்டும், நீ மொதல்ல வெளிய வா. வெந்து தொலைக்கப் போற.”

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். அவள் மகன் உப்பு லாரி ஓட்டுகிறவன். முருகையன் அதே லாரியில் கிளீனர். இரண்டு பேரும் காலையிலிருந்து இந்தப் பழைய லேண்ட்மாஸ்டர் காரின் பின்பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர், அவள் புருஷன் சிலுவைமுத்து, உள்ளே கட்டிலில் கிடந்தார்.

மரக்காணத்தில் வாடகைக் கார் என்றால் அது சிலுவைமுத்து வண்டிதான். நேற்று ராத்திரி அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். கம்பவுண்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, “உள்ள புண்ணு ஒடஞ்சிருக்கு. பாண்டிக்குக் கொண்டு போங்க. ஆனா குலுக்காம கொண்டு போவணும்” என்றார். விடிந்ததும் காரில் ஏற்றினார்கள். கோயில் முனைகூடத் தாண்டவில்லை, இரண்டாவது குழியிலேயே மறுபடியும் ரத்தம். திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வண்டியின் பின்பக்கம் மாட்டுவண்டியை விட மோசம். அதற்குக் காரணமும் இந்த மனுஷன்தான். உப்பளக் காற்றில் இரும்பு நிற்காது என்று, அனுமந்தையில் மச்சான் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை வாங்கிவந்து ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஸ்பிரிங் பட்டைகளில் பூசிவிடுவார். கடலுக்கே தாங்குகிற எண்ணெய் காற்றுக்குத் தாங்காதா என்பது அவர் கட்சி. எண்ணெய் தாங்கத்தான் செய்தது. ஆனால் காய்ந்து, மேலே மேலே படிந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டிய பட்டைகளையெல்லாம் ஒரே பலகையாக ஒட்டிவிட்டது. பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிலும் சேர்ந்து இறுகிப்போனது. ஊர்ப் பூனைகள் எல்லாம் அந்த வண்டிக்கடியில்தான் படுக்கும். வேண்டாம்ப்பா, கிரீஸ் போடுப்பா என்று பவுல்ராஜ் தலையால் அடித்துக்கொண்டான். அவர் கேட்டால்தானே.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. நெருப்புக் காட்டலாம் என்றால் பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருந்தது. ஜோசப்பின்தான் குனிந்து அந்தப் பழுப்புப் படலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து மீன் வறுக்கிற சட்டியின் முதுகில் அவள் சுரண்டுகிற அதே சனியன். உடனே போய் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள்.

இப்போது சோடாத் தண்ணீர் பட்டைமேல் விழுந்ததும் மீன் நாற்றம் தெரு முனைவரை அடித்தது. பழுப்பு நுரை வழிந்தது. பவுல்ராஜ் கம்பிப் பிரஷ்ஷோடு மறுபடியும் உள்ளே புகுந்தான். முருகையன் ஷேக்கிலில் சுத்தியலைப் போட்டான். அடுத்த அண்டா. அதற்கடுத்த அண்டா. ஜோசப்பினுக்கு மூச்சு வாங்கியது, நிற்கத் தோன்றவில்லை.

“டேய், அசையுதுடா,” என்றான் முருகையன்.

“எங்க?”

“ஷேக்கிலு. இப்பப் பாரு.”

லாரிக்கு வைத்திருந்த கிரீஸை அள்ளி அப்பி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். பவுல்ராஜ் பின் பம்பரில் ஏறி நின்று குதித்தான். வண்டி அமுங்கி எழுந்தது. முருகையனும் ஏறினான். இரண்டு தடிப்பயல்களும் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி மேலும் கீழும் போனார்கள். ஜோசப்பின் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே புருஷன் கிடக்கிற கிடையில் சிரிக்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் சந்தோஷம் அடங்கவில்லை. பிழைத்துவிடுவார் என்று தோன்றிவிட்டது.

“என்னடா சத்தம்?” கட்டிலிலிருந்து மெல்லிய குரல்.

“வண்டி ஆடுதுப்பா. எல்லாம் உன் மீன் எண்ணெ பண்ண வேல.”

“உள்ள துரு இருக்குதா?”

பவுல்ராஜ் திரும்பி முருகையனைப் பார்த்தான். படலம் உரிந்த இடத்தில் இரும்பு புதுசாக மின்னியது.

“இல்லப்பா.”

“அப்ப எண்ணெயக் குத்தம் சொல்லாத.”

அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை ஜோசப்பின் மடியில் தாங்கிக்கொண்டாள். பவுல்ராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தான், முருகையன் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கோயில் முனைக் குழி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி இறங்கி, மெதுவாக ஏறியது. ரத்தம் வரவில்லை.

“எப்பிடிப்பா?” என்றான் பவுல்ராஜ்.

“படகு மாரி போவுதுடா.” சிலுவைமுத்து உண்மையாகவே சிரித்தார்.

அதன்பிறகு பவுல்ராஜைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு குழியையும் முன்கூட்டியே சொல்லி இறக்கினான். இதுதான் பெரிய குழி, பாத்துக்கோ, ஒண்ணும் தெரியலல்ல என்றான். முருகையன் டாஷ்போர்டில் தாளம் போட்டான். இருபக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஜோசப்பினும் அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு குழிக்கும் சிரித்தாள்.

அனுமந்தையைத் தாண்டியதும் மடியில் தலை கனத்தது. அவள் அவர் மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். மறுபடியும் மூக்கருகே வைத்தாள்.

மூச்சு இல்லை. இப்போது சொன்னால் பவுல்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: காலையிலேயே போயிருந்தா பொழைச்சிருப்பாராம்மா? கேட்கத்தான் போகிறான். கொஞ்ச தூரம் கழித்துக் கேட்கட்டும்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவரை அனுப்ப முடியாது. சாகிறவர் காதில் அந்த மூன்று பெயர்களையும் சொல்லியாக வேண்டும். அவள் குனிந்து, அவர் காதோடு உதட்டை ஒட்டி, “இயேசுவே, மரியே, சூசையே” என்றாள். மூச்சளவுக்குத்தான் சொன்னாள். மறுபடியும் சொன்னாள்.

“அப்பாகிட்ட என்னம்மா சொல்ற?” கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டான் பவுல்ராஜ்.

“வண்டி குலுங்கவே இல்லன்னு சொல்றேன்.”

“அவரு என்ன சொல்றாரு?”

“கேட்டுக்கினு இருக்காரு. நீ ரோட்டப் பாரு.”

எதிரே வந்த உப்பு லாரி ஹாரன் அடித்தது. பவுல்ராஜ் சிரித்துக்கொண்டே பதிலுக்கு இரண்டு தடவை அடித்தான்.